உறங்காத கை



பெண்களுக்காக வாரந்தோறும் நான் நடத்தும் வகுப்பு முடிந்து எல்லோரும் எழுந்து போன பிறகு, ஒரு தாய் மட்டும் திரைக்கு அப்பால் நின்று கேட்டார்.

"மௌலவி, எங்கட மகன் கெம்பஸில இஞ்சினியர் படிக்கிறார். கடைசி வருசம். காயப்பட்ட ஆக்களுக்கு மூச்சுக் குடுக்கிற மெஷினொண்டு செய்யிறாராம். டொக்டர் பக்கத்தில இல்லாட்டியும் அது தானாப் பார்த்துக் கூட்டிக் குறைச்சுக் குடுக்குமாம். அது பிழையாக் குடுத்து ஒரு ஆள் மௌத்தானா அந்தப் பாவம் ஆருக்கு? மகனுக்கா?"

வழமையாக வுழூ, ஹைழு, ஸகாத் என்றுதான் கேள்விகள் வரும். இப்படியொரு கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. கிதாபுகளைப் பார்த்து அடுத்த கிழமை சொல்கிறேன் என்றேன். கிதாபு பார்க்க வேண்டியிருந்தது உண்மைதான். ஆனால் நான் தயங்கியதற்குக் காரணம் அதுவல்ல. மூச்சுக் கொடுக்கிற மெஷின் என்ற சொல்லைக் கேட்டதும் எனது வலது கை தானாக மூடிக் கொண்டது. இருபது வருடங்களுக்கு மேலாக அது அப்படித்தான்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. அப்போது நான் அரபுக் கல்லூரியில் ஓதிக் கொண்டிருந்தேன். விடுமுறையில் வீட்டுக்கு வந்திருந்தேன். கல்முனைக் கரையோரத்தில் அன்று காலை நடந்ததை நான் உங்களுக்கு விவரிக்கத் தேவையில்லை. வாசிக்கும் உங்களில் சிலர் அதிலே பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள். நாடு முழுவதும் 35,000 பேருக்கு மேல் மடிந்தார்கள். ஆகக் கூடுதலாக இழந்தது எங்கள் அம்பாறை மாவட்டம்.

என் ராத்தாவின் மகனுக்கு அப்போது ஒன்பது வயது. தண்ணீர் அடித்துக் கொண்டுபோய் ஒரு மதிலோடு சிக்க வைத்திருந்தவனை அயலவர்கள் தூக்கி வந்தார்கள். உடம்பில் பெரிய காயமில்லை. இருமினான், வாந்தியெடுத்தான், பேசினான். பிள்ளை தப்பி விட்டான், அல்ஹம்துலில்லாஹ் என்றோம்.

கடல்கோள் என்பது ஆட்களைக் காயப்படுத்தி விடுவதை விடக் கொன்று விடுவதே அதிகம் என்று வைத்தியர்கள் பின்னர் எழுதினார்கள். ஆனால் தப்பியவர்களிலும் சிலருக்கு, உள்ளே போன உப்புத் தண்ணீரும் சேறும் மணலும் நுரையீரலில் தங்கி, சில நாட்களில் கிருமி பிடித்து மூச்சை அடைத்துவிடும். எங்களுக்கு அது தெரியாது. செவ்வாய்க்கிழமை பின்னேரம் அவனால் ஒரு சொல்லை முழுதாகச் சொல்ல முடியவில்லை. வைத்தியசாலையில் டொக்டர் அவனுக்கு மயக்க மருந்து கொடுத்து, வாய் வழியாகக் குழாய் இட்டு, அதன் முனையில் ஒரு றப்பர் பையைப் பொருத்தினார். அங்கிருந்த மெஷின் வேறொருவருக்குப் பூட்டப்பட்டிருந்தது. கண்டிக்கு அனுப்புவதென்று முடிவாயிற்று. போய்ச் சேரும் வரை யாராவது பையை அமத்த வேண்டும். ராத்தாவுக்குக் கால் முறிந்திருந்தது. மச்சான் அவர்களுடைய சின்ன மகளைத் தேடி ஜனாஸாக்கள் வைத்திருந்த இடமெல்லாம் அலைந்து கொண்டிருந்தார். நான் ஏறினேன்.

தாதி எனக்குக் காட்டித் தந்தார். "நெஞ்சு உசருற அளவுக்கு மட்டும் அமத்துங்க. விட்டா அது தானா நிரம்பும். ஒண்டு, ரெண்டு, அமத்து. அவசரப்படாதீங்க. உதட்டைப் பார்த்துக்கொண்டு இருங்க." நான் ஒன்று, இரண்டு என்று எண்ணவில்லை. ஸுப்ஹானல்லாஹ், அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லி அல்லாஹு அக்பர் என்னும்போது அமத்தினேன். நிமிடத்துக்கு 20 வரும். ஒரு மணித்தியாலத்துக்கு 1,200. கண்டிக்கு ஆறு மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது. கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

அம்பியூலன்ஸில் வந்த ஊழியர் மூன்று இரவுகளாக உறங்காதவர். முதலில் மாறி மாறி அமத்தினோம். அம்பாறை தாண்டியதும் அவர் உட்கார்ந்தபடியே உறங்கி விட்டார். அவரை எழுப்ப எனக்கு மனம் வரவில்லை. நானும் மூன்று இரவுகளாக உறங்கவில்லை என்பதை அப்போது நினைக்கவில்லை. மஹியங்கனையைத் தாண்டி, கண்டி வீதியின் பதினெட்டு வளைவில் வண்டி ஏறத் தொடங்கியபோது என் தலை கண்ணாடியில் அடிபட்டது. விழித்தேன். பை என் கையில் இருந்தது. கை அமத்திக் கொண்டிருக்கவில்லை.

எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. நீண்ட நேரமாக இருந்தால் பிள்ளை அப்போதே போயிருப்பான் என்று பிற்காலத்தில் ஒரு டொக்டர் சொன்னார். வண்டியின் மங்கல் வெளிச்சத்தில் உதட்டின் நிறம் பிடிபடவில்லை. விட்டுப் போன தொழுகைகளை ஒரே மூச்சில் களாச் செய்கிறவனைப் போல நான் பையை வேகவேகமாக அமத்தத் தொடங்கினேன். அதுவும் தவறு என்பதைப் பின்னர் அறிந்தேன். அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் அவசர சிகிச்சை ஊழியர்களைக் கவனித்து அதே 2004இல் வெளியிட்ட ஆய்வொன்றில், நிமிடத்துக்குப் பன்னிரண்டளவு மூச்சுக் கொடுக்க வேண்டிய இடத்தில், பயிற்சி பெற்ற அந்த ஊழியர்களே பதற்றத்தில் முப்பதளவு கொடுத்தது தெரிய வந்தது. காற்று நெஞ்சை ஓயாமல் நிரப்பிக் கொண்டிருந்தால், இரத்தம் இதயத்துக்குத் திரும்பி வர இடமில்லாமல் போகிறது. உதவி செய்யும் அவசரமே ஆளைக் கொல்லலாம்.

சுபஹ் வேளையில் போய்ச் சேர்ந்தோம். அங்கே பிள்ளையை ஓர் இயந்திரத்தில் பூட்டினார்கள். ஒரே அளவாக, ஒரே வேகத்தில் அது காற்றைத் தள்ளிக் கொண்டிருந்தது. வெகுநேரம் அதையே பார்த்துக் கொண்டு நின்றேன். பொறாமை என்று சொன்னால் நம்புவீர்களா? மறுநாள் மஃரிபுக்குப் பின் பிள்ளை மௌத்தாகி விட்டான். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். நுரையீரல் முழுக்கக் கெட்டுப் போயிருந்தது என்றார்கள். நான் உறங்கியதை யாரிடமும் சொல்லவில்லை.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்தப் பையைப் பற்றி.

1952இல் டென்மார்க்கின் கொப்பன்ஹேகன் நகரில் போலியோ நோய் பெருமளவில் பரவியது. நெஞ்சுத் தசைகள் செயலிழந்து பிள்ளைகள் மூச்சுத் திணறினார்கள். நோயாளிகளைச் சேர்த்த பிளெக்டாம் வைத்தியசாலையில் உடலை உள்ளே வைத்து மூச்சு வாங்கச் செய்யும் பெரிய இரும்புப் பெட்டி ஒன்றுதான் இருந்தது. மூச்சுத் தசை பாதித்த முதல் 31 பேரில் 27 பேர் மூன்று நாட்களுக்குள் இறந்தார்கள். அப்போது மயக்க மருந்து வைத்தியரான பியோர்ன் இப்சன் என்பவரை அழைத்தார்கள். சத்திர சிகிச்சைக் கூடத்தில் தாம் தினமும் செய்வதை அவர் இங்கே செய்தார். ஆகஸ்ட் மாதக் கடைசியில், சாகும் நிலையிலிருந்த 12 வயதுச் சிறுமியின் கழுத்தில் துளையிட்டுக் குழாய் செருகி, றப்பர் பையால் காற்றைத் தள்ளினார். சிறுமி பிழைத்தாள்.

அப்படியானால் மற்றப் பிள்ளைகளுக்கு? ஒரு பிள்ளைக்கு ஒரு கை வேண்டும், இரவு பகலாக. பல்கலைக்கழகத்து மருத்துவ மாணவர்களைக் கூப்பிட்டார்கள். சுமார் 1,500 மாணவர்கள் முறை வைத்து வந்து, பிள்ளைகளின் தலைமாட்டில் உட்கார்ந்து பையை அமத்தினார்கள். மொத்தம் 1,65,000 மணித்தியாலங்கள் என்று கணக்குச் சொல்கிறார்கள். ஒரு கையால் அமத்திக் கொண்டே மறு கையில் கதைப் புத்தகத்தைப் பிடித்துப் பிள்ளைக்கு வாசித்துக் காட்டிய மாணவர்களும் இருந்தார்கள். மரண விகிதம் பாதிக்கும் கீழே இறங்கியது. இன்று நாம் ஐ.சி.யு. என்று சொல்லும் தீவிர சிகிச்சைப் பிரிவு இப்படித்தான் ஒழுங்காக உருவெடுத்தது. நான் அம்பியூலன்ஸில் பிடித்திருந்த, விட்டதும் தானாக நிரம்பும் பை அதே டென்மார்க்கில் 1956இல் ஹெஸ்ஸே, ரூபன் என்ற இருவர் உருவாக்கியது.

கொப்பன்ஹேகன் மாணவர்களுக்கு முறை மாற ஆள் இருந்தது. போர்க்களத்திலும் பேரழிவிலும் அதுதான் இராது.

சகோதரிகளே, இந்த இடத்தில் மதீனாவின் பள்ளிவாசலுக்குள் இருந்த ஒரு கூடாரம் என் நினைவுக்கு வருகிறது. அகழ் யுத்தத்தில் ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களின் கை நரம்பில் அம்பு தைத்தது. நபி (ஸல்) அவர்கள் தாம் அருகிலிருந்து பார்த்துக் கொள்வதற்காக அவரைப் பள்ளிவாசலிலேயே ஒரு கூடாரத்தில் வைக்கச் செய்தார்கள். காயமுற்றோரைப் பராமரித்த ருஃபைதா (ரலி) என்ற பெண்மணியின் கூடாரம் அது என்று ஸீரா நூல்கள் சொல்கின்றன. பெண்கள் வைத்தியம் பார்க்கலாமா என்று இன்றும் கேட்கிறவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. பின்னர் அந்தக் காயம் திறந்து கொண்டது. பக்கத்தில் பனூ கிஃபார் கோத்திரத்தாரின் கூடாரம் இருந்தது. இரத்தம் வழிந்து தங்களிடம் வந்தபோதுதான் அவர்கள் திடுக்கிட்டு, உங்கள் பக்கமிருந்து வருவது என்ன என்று கேட்டார்கள் என்று புகாரியில் பதிவாகியிருக்கிறது. எவ்வளவு அன்பான கைகளுக்கு நடுவில் இருந்தாலும், ஒரு காயம் எந்த நிமிடத்தில் திறக்கும் என்று மனிதக் கண் எப்போதும் பார்த்துக் கொண்டிருக்க முடியாது. அந்த ஹதீஸை நான் பல வருடங்களாக மாணவர்களுக்கு நடத்துகிறேன். அந்த வரி வரும்போது குரல் தடுமாறும். மாணவர்கள் ஸஅத் (ரலி) அவர்களுக்காக என்று நினைத்துக் கொள்வார்கள்.

இப்போது தானாகப் பார்த்துத் தானாகச் சிகிச்சை கொடுக்கும் இயந்திரத்துக்கு வருவோம். உங்கள் வீட்டு அயன் பெட்டியை எடுத்துக் கொள்ளுங்கள். சூடு ஏறியதும் தானாக நின்று விடும், ஆறியதும் தானாகப் பிடித்துக் கொள்ளும். உள்ளே ஒரு சிறிய உலோகத் துண்டு சூட்டை உணர்கிறது, அதற்கேற்ப மின்சாரம் வெட்டுப்படுகிறது. உணர்வது, தீர்மானிப்பது, செய்வது, மறுபடி உணர்வது. இந்தச் சுற்று நோயாளியின் உடம்பில் நடந்தால் அதுதான் தானியங்கிச் சிகிச்சை. இரத்த அழுத்தம் விழுந்தால் சேலைனைக் கூட்டும், ஏறினால் குறைக்கும். இரத்தத்தில் ஒட்சிசன் குறைந்தால் காற்றில் ஒட்சிசனைக் கூட்டும். இது நேற்று முளைத்ததல்ல. அமெரிக்காவின் அலபாமாவில் இதய சத்திர சிகிச்சை முடிந்தவர்களுக்கு, கணினி அழுத்தத்தை அளந்து அதற்கேற்ப இரத்தம் ஏற்றும் முறையை 1960களிலேயே கையாண்டார்கள்.

ஆனால் இதில் அதிகம் பணம் செலவழிப்பவர்கள் இராணுவத்தினர். ஏன் என்பது விளங்கக் கூடியதே. காயப்பட்டவனை ஒரு மணித்தியாலத்துக்குள் வைத்தியசாலைக்குக் கொண்டு போக வேண்டும் என்று 2009இல் ஆப்கானிஸ்தான் போரின்போது அமெரிக்கப் பாதுகாப்புச் செயலாளர் உத்தரவிட்டார். அதற்கு ஹெலிகொப்டர் பறக்க வேண்டும். 2022இல் தொடங்கிய உக்ரேன் போரிலோ வானத்தில் ட்ரோன்கள் நிறைந்து, காயப்பட்டவர்கள் மணிக்கணக்கில், சில வேளை நாட்கணக்கில் குழிகளில் கிடக்க நேர்ந்தது. பக்கத்தில் இருப்பது இன்னொரு போர்வீரன்தான், டொக்டர் அல்ல. அவனும் உறங்காதவன்.

ஆகவே பல முயற்சிகள். சுவாச இயந்திரம், மருந்தேற்றும் பம்பி, இதயத் துடிப்புக் காட்டும் திரை எல்லாம் பூட்டிய ஒரு தூக்குப் படுக்கையை நோர்த்ரொப் நிறுவனத்தார் வடிவமைத்தார்கள். 1998இல் அதற்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் அனுமதி கிடைத்தது. பி-2 குண்டு வீச்சு விமானத்தைச் செய்ததும் அதே நிறுவனம்தான். இதற்கு மேல் நான் என்ன சொல்ல? 2005இல் தொடங்கிய இன்னொரு திட்டத்தில், நோயாளியைத் தவிர வேறு மனிதர் இல்லாத சத்திர சிகிச்சை அறை ஒன்றை அமைத்தார்கள். கருவிகளை எடுத்துக் கொடுக்கும் தாதி கூட ரொபோதான். சத்திர சிகிச்சை நிபுணர் தூரத்திலிருந்து இயக்குவார். 2007இல் அதைச் செய்து காட்டியது ஒரு பொம்மை உடம்பில். 2019இல் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகமும் கார்னகி மெலன் பல்கலைக்கழகமும் சேர்ந்து, முதுகில் சுமக்கும் ஒரு பைக்குள் அடங்கி, கொண்டு செல்லும் வழியிலேயே தானாகச் சிகிச்சை செய்யும் ஒரு சாதனத்தை ஆராய 70 இலட்சம் டொலருக்கு மேல் பெற்றன.

இவற்றை விட எனக்குப் பிடித்தது, அமெரிக்க இராணுவத்தின் எரிகாய ஆய்வு நிலையத்தில் பிறந்த ஒரு சின்னக் கணினி. கடுமையாக எரிந்த உடம்புக்கு சேலைன் குறைந்தாலும் ஆபத்து, கூடினாலும் உடம்பு வீங்கி உள்ளுறுப்புகள் நசுங்கும். அந்தக் கணினி ஒவ்வொரு மணித்தியாலமும் நோயாளியிடமிருந்து வெளியேறிய சிறுநீரின் அளவைப் பார்த்து, அடுத்த மணித்தியாலத்துக்கு இவ்வளவு கொடுக்கலாம் என்று சொல்லும். சொல்வது மட்டும்தான் அதன் வேலை. ஏற்பதும் மாற்றுவதும் பக்கத்தில் நிற்கும் மனிதர். 2013இல் அது பாவனைக்கு வந்தது. கடிவாளம் யாருடைய கையில் என்பது அதிலே தெளிவாக இருக்கிறது.

அயன் பெட்டியின் சூட்டை உணரும் துண்டு பழுதானால் என்ன நடக்கும்? சேலை கருகும். உயிர் காக்கும் இயந்திரத்திலும் அதே கதைதான். விரல் நுனியில் கவ்விப் பிடித்து ஒட்சிசன் அளவைக் காட்டும் சிறு கருவியைக் கொரோனாக் காலத்தில் நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். 1970களில் ஜப்பானியப் பொறியியலாளர் அவோயகி கண்டுபிடித்த அருமையான முறை அது. விரலினூடாக ஒளியைச் செலுத்தி, இரத்தத்தின் நிறத்தைக் கொண்டு அளக்கிறது. நகத்துப் பூச்சு இருந்தால் தடுமாறும். கை குளிர்ந்து இரத்த ஓட்டம் குறைந்தாலும் தடுமாறும். அதிக இரத்தம் இழந்தவனின் கை குளிர்ந்துதானே இருக்கும்? கல்யாண வீட்டில் அடர்த்தியாக இட்ட கறுத்த மருதோன்றியும் ஒளியை மறைக்கலாம். அவசரத்தில் வைத்தியசாலைக்குப் போனால் மருதோன்றி இடாத விரலைக் காட்டுங்கள், அல்லது காதில் பூட்டச் சொல்லிக் கேளுங்கள்.

இன்னொன்று இருக்கிறது. 2020 டிசம்பரில் மிச்சிகன் வைத்தியர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அந்தக் கருவி 92 முதல் 96 வரை என்று நல்ல அளவைக் காட்டிய வேளைகளில், இரத்தத்தை எடுத்து நேரடியாகச் சோதித்தால், வெள்ளையர்களில் 100க்கு நான்களவிலும் கறுப்பர்களில் 100க்குப் பன்னிரண்டளவிலும் உண்மையான ஒட்சிசன் 88க்கும் கீழே இருந்தது. தோலின் கருமை அளவைப் பிழையாக்குகிறது. மனிதர் பக்கத்தில் இருந்தால், அளவு நன்றாக இருக்கிறது, ஆனால் பிள்ளை ஏன் இப்படித் திணறுகிறான் என்று சந்தேகப்படுவார். தானியங்கி சந்தேகப்படுமா? 96 இருக்கிறது, போதும் என்று ஒட்சிசனைக் குறைத்து விடும். என் தோலையும் உங்கள் தோலையும் பார்த்துக் கொள்ளுங்கள். யாருடைய விரலில் சரிபார்க்கப்பட்ட கருவி நம்முடைய விரலைக் கவ்வப் போகிறது என்பது நாம் கேட்க வேண்டிய கேள்வி. அந்தத் தாயின் மகனிடம் நான் முதலில் கேட்டதும் இதைத்தான். அவனுக்கு அது தெரிந்திருந்தது. சந்தோசப்பட்டேன்.

மின்சாரம் அடுத்தது. 2023 நவம்பரில் காஸாவின் அல்-ஷிஃபா வைத்தியசாலையில் எரிபொருள் தீர்ந்து, குறைமாதக் குழந்தைகளை இன்கியூபேட்டர்களிலிருந்து எடுத்து, சூட்டுக்காக ஒன்றோடொன்று அணைத்துக் கிடத்தியிருந்த படத்தைப் பார்த்து நீங்கள் அழுதிருப்பீர்கள். சில குழந்தைகள் மௌத்தாயின. 31 குழந்தைகளை அம்மாதம் 19ஆம் திகதி அங்கிருந்து வெளியேற்றினார்கள். இயந்திரம் அங்கே இருந்தது, வைத்தியர்களும் இருந்தார்கள். ஆயதுல் குர்ஸியில் நாம் தினமும் ஓதுகிறோமே, சிறு துயிலும் உறக்கமும் பீடிக்காதவன் அல்லாஹ் ஒருவன்தான். உறங்காத இயந்திரம் என்று நாம் சொல்வது பெற்றரி இருக்கும் வரைக்கும்தான்.

இனி அந்தத் தாயின் கேள்வி. அடுத்த கிழமை நான் சொன்ன பதிலை இங்கே சுருக்கித் தருகிறேன். வைத்தியம் அறியாதவன் வைத்தியம் செய்து கேடு விளைந்தால் அவனே பொறுப்பாளி என்று அபூதாவூதில் வரும் ஹதீஸின் கருத்து. அறிந்தவன், முறைப்படி செய்தும் அல்லாஹ்வின் நாட்டத்தால் நோயாளி இறந்தால் அவன் மீது குற்றமில்லை. இயந்திரத்துக்கு திம்மா இல்லை. அதாவது கடனோ கடமையோ அதன் தலையில் ஏறாது, மறுமையில் அதை எழுப்பிக் கேட்கப் போவதுமில்லை. எங்கள் ஷாஃபிஈ மத்ஹபில், இமாம் நவவியின் மின்ஹாஜில் ஒரு சட்டம் படித்திருக்கிறோம்: மிருகத்தோடு கூட இருப்பவர், அது ஓர் உயிருக்கோ பொருளுக்கோ செய்யும் சேதத்துக்குப் பொறுப்பாளி. இரவிலும் பகலிலும். இயந்திரத்தை நான் அந்த மிருகத்தின் இடத்தில் வைத்துப் பார்க்கிறேன். நோயாளியில் அதைப் பூட்டிப் பக்கத்தில் நிற்பவரின் கையில் கடிவாளம் இருக்கிறது. பக்கத்தில் எவருமே இல்லை, பையில் போட்டுப் போர்க்களத்துக்கு அனுப்பி விட்டார்கள் என்றால்? அனுப்பிய அதிகாரியின் கழுத்தில்தான் அது என்பது என் கருத்து. ஆழ்ந்த கல்வியுடைய உலமாக்கள் வேறு விதமாகத் தெளிவுபடுத்தினால் மாற்றிக் கொள்வேன். சுவாச இயந்திரத்தை எப்போது கழற்றலாம் என்று 1986இல் அம்மானில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகடமி தீர்மானித்தபோதும், மூளை முற்றாக, மீளமுடியாதபடி நின்று விட்டதைத் துறைசார்ந்த வைத்தியர்கள் உறுதி செய்ய வேண்டும் என்றுதான் சொன்னது. உறுதி செய்ய ஆட்கள் வேண்டும்.

மகனைப் பொறுத்தவரை, அறிவோடு செய்யட்டும், சோதித்துப் பார்க்கட்டும், தன் இயந்திரத்தால் எது முடியாது என்பதை மறைக்காமல் எழுதி ஒட்டட்டும். மறைத்தால் பாவம். மறைக்காவிட்டால் இன்ஷா அல்லாஹ் அது ஸதக்கா ஜாரியா.

அந்தத் தாய் சந்தோசமாகப் போய் விட்டார். நான்தான் வீட்டுக்குப் போகாமல் பள்ளியில் உட்கார்ந்திருந்தேன். உறங்குகிறவனின் மீது பேனா உயர்த்தப்பட்டிருக்கிறது, அதாவது அவனுக்குப் பாவம் எழுதப்படுவதில்லை. ஆனால் உறக்கத்தில் புரண்டு ஒருவரைக் கொன்று விட்டால், அது தவறுதலான கொலை. தியா உண்டு, கஃப்பாரா உண்டு என்று அதே கிதாபுகள் சொல்கின்றன. இது என் விஷயத்துக்குப் பொருந்துமா என்று என் உஸ்தாதிடம் நான் கேட்கவில்லை. கேட்கப் பயம். 2005இல், கடல்கோள் நடந்து ஒன்றரை மாதத்தில், முஹர்ரமும் ஸஃபரும் தொடர்ந்து இரண்டு மாதம் நோன்பு பிடித்தேன். என்ன நேர்ச்சை என்று உம்மா கேட்டார். கல்யாணத்துக்கா என்று மச்சான்மார் பகிடி பண்ணினார்கள். சிரித்துச் சமாளித்தேன்.

இவ்வளவையும் எழுதி முடித்த பிறகு, ராத்தா அறியாமல் இது அச்சில் வருவது முறையல்ல என்று தோன்றியது. இந்த ஏடு அவர் வீட்டுக்கும் போகிறது. போன வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின் போய், அவருக்கு முன்னால் உட்கார்ந்து வாசித்துக் காட்டினேன். பதினெட்டு வளைவு வந்த இடத்தில் நிறுத்தி விட்டேன். அவர், "ம், வாசி" என்றார். முடியும் வரை வேறொன்றும் பேசவில்லை. எழுந்து குசினிக்குள் போனார். தேத்தண்ணியோடு வருவதற்கு வழமையை விட நேரமெடுத்தது.

"அந்த ரெண்டு மாச நோன்பு இதுக்குத்தானா தம்பி?"

ஓம் என்றேன்.

கொஞ்ச நேரம் வாசலைப் பார்த்துக் கொண்டிருந்தார். பிறகு, "அந்தப் புள்ள செய்யிற மெஷினுக்குக் காசு காணாதெண்டு அவன்ட உம்மா சொன்னவவாம், வகுப்புக்கு வாற பொம்புளைகள் கதைச்சாங்க. எவ்வளவு குறையுதாம்?" என்று கேட்டார்.

"பெற்றரிக்குத்தானாம்" என்றேன்.